தண்ணீருக்குள் கூப்பிட்ட பெயர்

சந்நிதி முருகனை, எங்கள் சந்நிதியானை, நம்பி இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நம்பாதவர்களும் கேட்கலாம். எனக்கு நடந்தது நடந்ததுதான்.

என் மகள் வசந்தி தண்ணீருக்குள் போனபோது நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆவணித் திருவிழா முடிந்து தீர்த்தமாடிய நாள். தொண்டைமானாற்றில் சனம் இறங்கி முழுகிக்கொண்டிருந்தது. நான் அவளுடைய மாற்றுச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றேன். கண் மூடித் திறப்பதற்குள் பிள்ளையைக் காணவில்லை. தலைமயிர் மட்டும் தண்ணீருக்குள் விரிந்து தெரிந்தது. நான் கத்தவில்லை. குதிக்கவும் இல்லை. கால் இரண்டும் மரமாகிப் போயின. பக்கத்தில் முழுகிய யாரோ ஒருவர் அவளைத் தூக்கி என் காலடியில் கிடத்தினார். அவள் இருமி, தண்ணீரைக் கக்கி, அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு சோறு பிசையும்போதும் அந்தத் தலைமயிர்தான் கண்ணில் நின்றது.

நான் பிறந்தது சுன்னாகத்துக்குப் பக்கத்தில், செம்மண் தோட்டக்காரர் வீட்டில். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, வாய்க்கால், வெங்காயப் பாத்தி. கணுக்காலுக்கு மேலே ஏறினால் அது வெள்ளம். கலியாணம் முடித்து வந்த இடத்திலோ வீட்டுப் பின்பக்கக் கோடியில் ஆறு, அதற்கப்பால் கடல். கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. எந்தத் துறைமுகத்தில் நிற்கிறார் என்றே பல நாள் தெரியாது. பிள்ளைக்கு நான்தான் எல்லாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போய், வீதி சுற்றி, அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு, அடி அழிப்பதாக நேர்ந்தேன். இந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் பயம் வரவேண்டும் என்று கேட்டேன். வந்ததா? முன்னையைவிட மோசம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறால் பிடிக்க ஆற்றுக்குள் இறங்குவாள். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். வெள்ளிக்கு வெள்ளி முருகனிடம் கேட்டேன். சுவரோடு கதைத்த மாதிரி இருந்தது. கோபத்தில் திருநீறு பூசாமல் திரிந்த நாட்களும் உண்டு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் அடுத்த வீட்டில் இருந்த பரமேஸ் மச்சாள், என் கணவரின் சகோதரி. என் வயதுதான். பெண்கள் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியை. கொழும்பில் பயிற்சி எடுத்தபோது முறையாக நீச்சல் படித்தவள். அவளுடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. கேட்டுக் கேட்டு வாய் புண்ணானதுதான் மிச்சம் என்பாள். அவள்தான் ஒருநாள் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"மச்சாள், பயம் ஆரையும் மிதக்க வைக்காது. பிள்ளையைக் கட்டி வைக்கவும் ஏலாது. முதல்லை நீர்தான் நீந்தப் பழகவேணும், மச்சாள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது கடந்த, ஒரு பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நீச்சலா? ஆனால் அந்தத் தலைமயிர் கண்ணில் நின்றதே. ஓம், பழகுகிறேன் என்றேன்.

பாடசாலை விடுமுறை நாட்களில் காலையிலே காங்கேசன்துறை பஸ் ஏறிக் கீரிமலைக்குப் போவோம். அங்கே பெண்கள் குளிக்கும் கேணியைச் சுற்றி மதில் உண்டு. மேலே மார்போடு இறுக்கிய குறுக்குக்கட்டு, உள்ளே என் கணவரின் பழைய காற்சட்டை. கப்பலில் இருந்த மனிதருக்கு அது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. மிதக்கப் பழகினேன். கால் அடிக்கப் பழகினேன். அதன் பிறகு ஃப்ரீஸ்டைல் என்று தொடங்கினாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கையை மாற்றி மாற்றி வீசி நீந்துவது. அங்கேதான் நான் மாட்டினேன். கொஞ்ச வீச்சு போவதற்குள் நெஞ்சு வெடிக்கும். தலையை நிமிர்த்துவேன், கால் தாழும், ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போகும். கேணியில் குளித்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து காலை அடி என்றாள். கையை முன்னே நீட்டிப் பிறகு இழு, கையோடு உடம்பும் சரியட்டும் என்றாள். மூச்செடுக்கத் தலையைத் தூக்காதே, திருப்பு, ஒரு காது தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும் என்றாள். எல்லாம் செய்தேன். மாதக்கணக்காகியும் அதே நெஞ்சு, அதே மிடறு. என் தலையில் இது எழுதவில்லை என்று விட்டுவிட நினைத்தேன்.

அப்போது ஒருநாள் அவள் தானும் முழுகி, தண்ணீருக்கு அடியிலிருந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒரு குமிழியும் வரவில்லையாம். உள்ளே என்ன செய்கிறீர் என்று கேட்டாள். கும்பிடுகிறேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் இல்லை. நானும் அங்கே வாயை இறுக்கி மூடி, பெயரை நெஞ்சுக்குள்ளே சொல்லித்தான் பழக்கம். தண்ணீருக்குள்ளும் அப்படியே செய்தேன். தீர்த்தமாடும்போது மூச்சை அடக்குவதுதானே நாங்கள் அறிந்தது.

அவள் சிரிக்கவில்லை. "பழைய மூச்சை உள்ளுக்கை பூட்டி வைச்சிருந்தால் புதுசு எங்காலை வாறது? மனசுக்குள்ளை கும்பிட்டது போதும் மச்சாள். தண்ணிக்குள்ளை வாய்விட்டுக் கூப்பிடும்."

கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காதவள் இதைச் சொல்கிறாள். நான் அதிர்ந்து போனேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து "முருகா" என்று இழுத்துக் கூப்பிட்டேன். குமிழிகள் கன்னத்தில் உரசிக்கொண்டு போயின. பெயர் முடிய நெஞ்சு வெறுமையானது. தலையைத் திருப்பினேன், மூச்சு தானாக உள்ளே வந்தது. மறுபடி கூப்பிட்டேன். கேணியின் மறுபக்கச் சுவரில் கை முட்டியபோது என்னால் நம்ப முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வருட மாரியில், மழை விட்ட ஒரு பின்னேரம், அடுப்படியில் நின்றேன். கோடிப்பக்கம் வசந்தி கத்துவது கேட்டது. ஓடினேன். ஆறு நிறைந்து கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பிள்ளை கரையில் நனைந்துபோய் நின்றாள்.

"அம்மா, ஆறு என்னை இழுத்துக்கொண்டு போட்டுது. மாமிதான் என்னைக் கரைக்குத் தள்ளிவிட்டவ. மாமியாலை வரேலாமக் கிடக்குது."

பரமேஸ் மச்சாளின் தலை நடு ஆற்றில் தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. காலில் குரக்குவலி பிடித்து நரம்பு இழுத்திருக்க வேண்டும். எனக்கு நீச்சல் சொல்லித் தந்தவள் என் கண் முன்னால் தாழ்கிறாள். கூப்பிடுகிற தூரத்தில் ஒரு ஆளும் இல்லை. தீர்த்தத்தன்று போலவே என் கால்கள் மரமாயின. "முருகா" என்று கத்தினேன். ஊர் கேட்கக் கத்தினேன். கட்டு அவிழ்ந்தது போலக் கால் கழன்றது. சேலையை உரிந்து எறிந்துவிட்டுப் பாய்ந்தேன்.

கலங்கல் தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை. முகத்தை உள்ளே வைத்துக் கூப்பிடுவேன், திரும்பி மூச்செடுப்பேன், கூப்பிடுவேன். அவளை எட்டியதும் என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். இருவரும் தாழ்ந்தோம். அவ்வளவுதான், பிள்ளைக்குத் தாய் இல்லை என்று நினைத்தேன். உள்ளேயும் கூப்பிட்டேன். என்ன நினைத்தாளோ, அவள் பிடியை விட்டாள். அவளை மல்லாக்கத் திருப்பி, நாடிக்குக் கீழே தாடையைத் தாங்கிக் கை கொடுத்து, நீரோட்டத்தோடு சரிந்து சரிந்து காலை அடித்தேன். எங்கேயோ ஓரிடத்தில் கால் மணலில் முட்டியது.

கரையில் கிடந்தோம். வசந்தி இருவரையும் கட்டிப்பிடித்து அழுதாள். இருமல் அடங்கியதும் மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"தாழேக்கை நானும் கூப்பிட்டனான் மச்சாள். இவ்வளவு வருசத்துக்குப் பிறகு கூப்பிட்டனான். நீர் வந்தீர்."

நான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

தை மாதம் நேர்த்தியை முடித்தேன். நான் அடி அழித்து வர, அவள் வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து வசந்திக்கு நீச்சல் பழக்குகிறோம்.

நான் பிள்ளைக்குப் பயம் கேட்டேன். அவன் என் பயத்தை எடுத்தான். காது கேளாத சாமி என்று நான் கோபித்துக்கொண்டு திரிந்த மாதங்கள் முழுக்க, அவன் இன்னொருத்தியின் கூப்பாட்டுக்கு என்னைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறான். அவள் வாயாலேயே எனக்குச் சொல்லித் தந்து, என்னை அவளிடமே அனுப்பியிருக்கிறான். இதை நான் எந்தக் கணக்கில் வைப்பேன்?

கேட்டது கிடைக்கவில்லை என்று சோர்ந்திருக்கிற அக்கா தங்கைமாரே, அண்ணைமாரே, விட்டுவிடாதீர்கள். சந்நிதியானை நம்பிக் கேட்டுக்கொண்டே இருங்கள். இந்த நேரத்தில் யாரோ ஒருவர் தாழ்ந்துகொண்டு அவனைக் கூப்பிடுகிறார். அவன் அனுப்பப்போவது உங்களைத்தானோ என்னவோ.