பின்னால் பார்த்து ஓட்டியவர்

எண்பதுகளின் தொடக்கம். ஏரி வேலையில் மண்ணைச் சுரண்டி அள்ளும் ஸ்கிரேப்பர் பெட்டியை இழுக்க, ஒரு பழைய புல்டோசர் தேடி அலைந்து எனக்குச் சலித்துவிட்டது. முன்பு ஒன்றை வாங்கினேன். ஏற்கெனவே இழுத்து இழுத்துத் தேய்ந்த வண்டி. கிளட்ச் போய்ப் பாதி வேலையில் நின்றுவிட்டது.

பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூர் குவாரிப் பக்கம் போனேன். அங்கே ஒரு வண்டி விலைக்கு நின்றது.

"பெட்டி இழுக்காத வண்டிங்க. மண்ணு தள்ளுனதோட சரி," என்றார் உரிமையாளர். "வாங்குனீங்கன்னா டிரைவரும் உங்ககிட்டயே வந்துடுவாரு."

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். புருவத்தில்கூடச் சுண்ணாம்புப் புழுதி. வண்டியை ஓட்டிக் காட்டினார். முன்னால் மேடும் பள்ளமுமாகக் கிடக்க, அவரோ தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

இறங்கியதும் கேட்டேன்: "பின்னால ஒண்ணுமில்லையே, எதைப் பாக்குறீங்க?"

"பெட்டி ரொம்பிடுச்சான்னுதான் சார். வருசக்கணக்கா இழுத்த பழக்கம். சும்மா ஓட்டுனாலும் கழுத்து திரும்பிடுது."

"இந்த வண்டியிலயா?"

"இதுலதான்."

உரிமையாளர் எங்கோ பார்த்தபடி பீடி பற்றவைத்தார்.

நான் வாங்கவில்லை. டிரைவருக்கு என்னிடம் கிடைக்கவிருந்த வேலையும் போயிற்று. வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, இன்றுவரை பிடிபடவில்லை.

பஸ்ஸுக்கு நடந்தபோது ஒருமுறை திரும்பினேன். வண்டி ஷெட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் முகம் மட்டும் என் பக்கம் இருந்தது. என்னைப் பார்த்தாரா, பின்னால் வராத பெட்டியைப் பார்த்தாரா?