போய்ச் சேராத மெயில்களின் அக்கா

பட்டர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே தங்கபுஷ்பம் அக்கா க்யூவைத் திறக்கிறார். ரேஷன் கடை க்யூ அல்ல. தென்காசியில் எங்கள் பாலிடெக்னிக்கின் மெயில் சர்வரில், போக வழியில்லாமல் நிற்கும் மெயில்களின் க்யூ. காலையில் அதைப் பார்க்காமல் அவர் யாருக்கும் குட்மார்னிங் சொல்வதில்லை.

"இந்தா, சுரண்டைக்காரரு பெட்டி ரொம்பிட்டு. பேரன் போட்டோவ அழிக்க மாட்டாரு. இவன் பாவம் வாசல்ல நிக்கான்."

'இவன்' என்றால் மெயில். அக்காவுக்கு எல்லா மெயிலும் ஆள்தான். "இப்ப தட்டுவான். தொறக்கலைன்னா கால் மணி கழிச்சு தட்டுவான், பொறவு அரை மணி, ஒரு மணி. அஞ்சு நாள் பாத்துட்டு, அனுப்புனவன்ட்டயே திரும்பிப் போயிருவான். ரோசக்காரன்."

வயது நாற்பத்தொன்று. சர்வர் அறையின் ஏசிக்குப் பயந்து, சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய ஸ்வெட்டர், முழங்கை வரை சுருட்டியது. கதவில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அணைத்துப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள்.'

எனக்கு அவர் பழக்கமானதே திரும்பி வந்த ஒரு மெயிலால்தான். மூன்றாவது அரியர் விழுந்த அன்று, கடவுள் பேரில் கல்லூரி முகவரி ஒன்றை நானாக உண்டாக்கி, கணக்கில் பாஸ் மார்க் கேட்டு மெயில் போட்டேன். 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று சர்வர் திருப்பியது. பின்னாலேயே அக்காவிடமிருந்து ஒரு வரி: 'அவருக்கு இங்கன பெட்டி போடலலே. போய் மூணாவது யூனிட்ட படி.'

யாருக்கும் போய்ச் சேராமல், அனுப்பியவரும் திரும்ப வாங்காமல் அநாதையாகும் மெயில்கள் கடைசியில் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெட்டியில் வந்து விழும். பல இடங்களில் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லையாம். அக்கா பார்ப்பார். போன சாரல் சீசனில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அதில் சுஜிதாவைப் பற்றிய மெயில் ஒன்று கிடந்தது.

சுஜிதா எங்கள் லேபில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அது உண்மைதானா என்று சென்னைக் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. அன்று நான்கு மணிக்குள் பதில் வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

பதில் போடும் அதிகாரம் ஆபீசில் இரண்டு பேருக்குத்தான்: விஜயசங்கர் சார், எபனேசர் சார். ஒருவர் லீவு போட்டால் தன் மெயிலை மற்றவருக்குத் திருப்பிவிட வேண்டும். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தால் எங்கள் ஊர் ஆபீஸ்களில் காய்ச்சல் அதிகமாகும். இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஆனால் ஒழுங்காக, ஒருவர் மெயிலை மற்றவருக்குத் திருப்பிவிட்டுக் குற்றாலம் போய்விட்டார்கள். மெயில் இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் சுற்றிச் சுற்றி, இருபத்தைந்தாவது சுற்றில் சர்வர் கும்பிடு போட்டுவிட்டது.

அக்கா அந்தச் சுற்றை அவிழ்த்து, மெயிலை விஜயசங்கர் சார் பெட்டியில் போட்டார். இரண்டு சார்களின் போனும் அணைந்திருந்தன. "ஏலே, குடைய எடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

மெயின் அருவியில் கூட்டம் நெரிந்தது. மைக்கில் இருந்த போலீஸ்காரரிடம் நான்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் மாறாமல் வாசித்தார்: "காய்ச்சலில் இருக்கும் விஜயசங்கர், காய்ச்சலில் இருக்கும் எபனேசர், உடனே வெளியே வரவும். ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறது."

தலை நிறைய எண்ணெயோடு ஆளுக்கொரு மூலையிலிருந்து வந்தார்கள். அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உமக்கு எப்ப வேய் காய்ச்சலு?" என்றார் விஜயசங்கர் சார்.

"உமக்கு வந்த அன்னைக்குத்தான்" என்றார் எபனேசர் சார்.

"காய்ச்சல பொறவு பாப்போம்" என்றார் அக்கா. "கையத் தொடச்சிட்டு போன எடுங்க சார். ஒரு பிள்ளையோட வேலை தொங்குது."

மங்குஸ்தான் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நின்று விஜயசங்கர் சார் பதில் அடித்தார். மணி மூன்று முப்பது. அக்கா தன் போனில் சர்வரைப் பார்த்தபடி உதட்டைக் கடித்தார்.

"போயிட்டா மேடம்?" என்றார் எபனேசர் சார்.

"போவல. கம்பெனிக்காரன் பெறவு வான்னுட்டான். புது ஆளுன்னா மொதத் தடவை வெளிய நிறுத்திருவான். களவாணி மெயிலு மறுபடி வராது, நல்லவன் வருவான்னு ஒரு நெனப்பு."

"நீங்க இங்கேருந்து தள்ளிவிட முடியாதா?"

"அவசரப்பட்டு தட்டுனா இன்னும் மொறைப்பான். கால் மணி பொறுத்துதான் ஆவணும். சும்மா நில்லும் சார்."

நின்றோம். இரண்டு சார்களின் துண்டிலிருந்தும் தண்ணீர் என் செருப்பில் சொட்டியது. மங்குஸ்தான்காரர் இரண்டு முறை விலை சொன்னார், யாரும் திரும்பவில்லை. மூன்று நாற்பத்தெட்டுக்கு அக்கா மூச்சை விட்டார். "வாங்கிட்டான்."

"திங்கக்கிழமை இத யார்ட்டயும் சொல்லிராதிய" என்றார் விஜயசங்கர் சார், காதோரத்து எண்ணெயை வழித்தபடி.

"லீவு லெட்டரு எனக்கா வருது? நீங்க காய்ச்சலப் பாருங்க சார்."

திரும்பும் வழியில், இலஞ்சி தாண்டியதும் அக்காவின் போன் அடித்தது. பின்னாலிருந்து நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். சுஜிதா. "யக்கா, எனக்கு வேலை கெடச்சிட்டுக்கா. இப்பத்தான் கூப்பிட்டுச் சொன்னாவ."

அக்கா வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, போனை வாங்கிக் காதோடு சேர்த்துக்கொண்டார்.

"அப்படியாட்டி? எந்தக் கம்பெனி? மொதல்ல இருந்து சொல்லு."