மெதுவாக ஓட்டி எரித்த கார்

என் அக்கா வீட்டுக்காரருக்கு முதலாளி வீட்டில் ‘நத்தை’ என்று பெயர். அவர் அதற்குக் கோபப்பட்டதே இல்லை. டிரைவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வண்டிமேலும் உரசியதில்லை என்று அத்தானுக்கு உள்ளூரப் பெருமை.

முதலாளி ஆசைப்பட்டு ஒரு பழைய சூப்பர் கார் வாங்கினார். பத்து சிலிண்டர், இருக்கைக்குப் பின்னால் எஞ்சின், கண்ணிமைப்பதற்குள் நூறைத் தொடும் வேகம். விற்றவர் வீட்டிலிருந்து அதைக் கொண்டுவர அத்தானைத்தான் அனுப்பினார்.

“வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சு, நாளைக்கு வேலைக்கு வராதே.”

முதலாளி சொன்னால் செய்கிறவர். பயத்தில் அத்தான் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கிளட்ச் மிதி இல்லை. “ஆட்டோமேட்டிக்தான்” என்று அவரே முடிவுகட்டினார். நெரிசலில் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தார். மேட்டில் பிரேக் போடாமல், ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போக, எனக்கு மானமே போனது. பிறகு தீய்ந்த நாற்றம்.

“யாரோ டயர் எரிக்கிறாங்கபோல.”

“அத்தான், எரியறது நம்ம முதுகுக்குப் பின்னாடி!”

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப் கொண்டுபோனோம்.

எஞ்சினியரம்மா எட்டிப் பார்த்தார். “இதுக்கும் கிளட்ச் இருக்கு சார். கால் செய்யற வேலைய வண்டியே செய்யும். ஊர்ந்தா கிளட்ச் முழுசாப் பிடிக்காம உரசிக்கிட்டே கெடந்து தீஞ்சிடும். இடம் கெடச்சா சட்டுனு கெளப்பணும், இல்லேன்னா நிக்கணும்.”

“நான் ஜாக்கிரதையாத்தானேம்மா ஓட்டினேன்?”

“அதனாலதான் சார் எரிஞ்சது.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் எதைப் பார்ப்பது? எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதலாளி வந்து சிரித்தார். திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். “நீ எப்பவும் ஓட்டற, கிளட்ச் மிதிக்கிற காரையே ஓட்டு. இதை என் பையன் பாத்துக்குவான்.” அந்தப் பையன் வருஷத்துக்கு ஒரு சுவரை இடிக்கிறவன்!

மறுநாள் அக்கா சொன்னாள் என்று நானும் கூடப் போனேன். முதலாளியம்மா பின்னால் ஏறினார். கேட்டைத் தாண்டுமுன் வழக்கமான கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அத்தான் கிளப்பினார். மறுபடி அணைந்தது.

“என்னப்பா, வண்டி சரியில்லையா?”

“வண்டி நல்லாத்தாம்மா இருக்கு.” அத்தான் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “கிளட்ச எவ்ளோ மிதிக்கணும்னுதான் இப்போ தெரியல.”