கலிடோனியாவுக்காக எழுதிய புகார்

அந்தப் பதில் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். இன்றைக்கும் வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், பிரான்சின் ஆளுகையிலிருந்த நியூ கலிடோனியாத் தீவில் கலவரம். பாரிஸில் நான் பார்த்த தொலைக்காட்சிச் செய்தியில் வெள்ளைக் குடியேறிகள்தான் பேசினார்கள், அழுதார்கள். அந்த மண்ணின் மக்களைத் தூரத்தில் நிறுத்தித் தடியோடு காட்டினார்கள். புதுச்சேரிக்காரனான எனக்கு ரத்தம் கொதித்தது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். எங்கள் ஊர் மனு வழக்கப்படி, அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததில் தொடங்கி, என் தபால் நிலைய உத்தியோகம் வரை சொல்லி, வணக்கங்களை அடுக்கி, கடைசியில் நாலு வரி புகார். எந்த நாள், எந்தச் செய்தி என்று எழுதத் தோன்றவில்லை. பதிலே வரவில்லை.

பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பல் பகுதியில் நான் சாப்பிடும் கடையில் யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் கோப்பை கழுவினார். 'போன்ஜூர்' என்ற வணக்கத்தைத் தாண்டிப் பிரெஞ்சு தெரியாது. ஒருநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"அண்ணை, கலிடோனியாச் செய்தியிலை ஆர் எவ்வளவு நேரம் கதைச்சவை எண்டு மணிக்கூட்டைப் பாத்துக் குறிச்சு வைச்சிருக்கிறன். திகதியும் போட்டிருக்கு. பிரெஞ்சிலை ஒரு புகார் எழுதித் தாங்கோ."

"பாஷையே தெரியாது, உனக்கு எதுக்குப்பா அந்தத் தீவு?"

"முகத்தைப் பாத்தாத் தெரியாதே? எங்கடை நாட்டு அரசாங்க ரேடியோவும் எங்களைப் பற்றி இப்பிடித்தான் சொல்லுறது. ஆராவது ஒருத்தர், ஓம் பிழைதான் எண்டு சொல்ல வேணும் அண்ணை. அதைக் கேட்டாப் போதும்."

அதே ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம். ஒழுங்கான வணக்கம்கூட இல்லாத அரைப் பக்கம்! அவர் கையெழுத்துப் போட்டார்.

ஒரே மாதத்தில் பதில் வந்துவிட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உறையை என்னிடம் தந்தார். மேலே மரியாதையாக 'மெசியே' என்று போட்டு அவர் பெயர். உள்ளே: உங்கள் புகார் நியாயமானது, அந்தச் செய்தி ஒருபக்கச் சார்பாக இருந்தது, நிலையத்துக்கு எழுதியிருக்கிறோம்.

ஐயோ, என் வயிறு எரிந்த எரிச்சல்! பிரெஞ்சு என்னுடையது, குடியுரிமை என்னுடையது, எழுதினதும் என் கை. பேர் மட்டும் கோப்பை கழுவுகிறவருக்கா?

"என்னவாம் அண்ணை?"

"வழக்கமான கடுதாசிதான். நீ அனுப்பின லெத்ர் கெடச்சுதாம். வேற ஒண்ணும் இல்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. பிறகு சிரித்தார்.

"என்ன அண்ணை நீங்கள், எனக்கென்ன வாசிக்கத் தெரியுமோ? பொய்க்கெண்டாலும், பிழைதானாம் எண்டு சொல்லியிருக்கலாமே!"

நானும் சிரித்து வைத்தேன்.