இடது கை முதலில்

இரண்டு மாதத்துக்கு ஒரு கொலை செய்கிறவள் நான். பயப்பட வேண்டாம், எல்லாம் காகிதத்தில்தான். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, ஏறும்போது வாங்கி இறங்கும்போது சீட்டிலேயே விட்டுப்போகிற சின்ன நாவல்கள், அதில் ஒரு துப்பறியும் தொடர் என்னுடையது. அட்டையில் இருக்கிற பெயர் பதிப்பாளர் வைத்த பெயர். என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி.

என் கதாநாயகி போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகின கண், மனுஷர்களையும் அப்படியே பார்க்கும். அவளுக்குச் சம்பளம் செக்கிங்குக்கு மட்டும்தான். கொலையெல்லாம் இலவச சேவை.

அவளுக்கு ஒரு மாமியார் உண்டு. இவள் கொலைகாரன் யார் என்று சொல்ல வாயைத் திறக்கிற சமயம் பார்த்து, உள்ளேயிருந்து "சோறாக்கீட்டயா?" என்று குரல் வரும். எல்லாப் புத்தகத்திலும் வரும். எந்தத் துப்பை விடக்கூடாதோ, அந்தத் துப்பை அந்த மாமியார் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டிருப்பாள். கதாநாயகியைப் பாராட்டி வருவதைவிட மாமியாரைக் கேட்டு வருகிற போன்தான் அதிகம் என்று பதிப்பாளர் சொல்வார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அந்த மாமியாரை நான் எங்கிருந்து பிடித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடு திருப்பூரில், தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் போகிற வழியில் இருக்கிறது. மேலே குடியிருப்பு, கீழே செக்கிங், அயர்னிங், பேக்கிங் செய்து கொடுக்கிற சின்ன யூனிட். கீழ்த்தளத்துக்கு முதலாளி, மேலாளர், வாட்ச்மேன் எல்லாமே என் மாமியார்தான். கொமரலிங்கத்தில் ஆற்றுப் பாசன வயலுக்கு நடுவே பிறந்தவர். உலகத்தில் எது நடந்தாலும் முதலில் அரிசி வெந்ததா என்று கேட்பார். என் கல்யாணத்தில் தாலி கட்டின கையோடு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே சாப்பாட்டைப் பற்றித்தான்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் பயந்த சுபாவம். "அந்தப் புஸ்தகம் அம்மா கண்ணுல பட்டுதுன்னா நான் அமராவதி நகர் முதலப் பண்ணைக்குப் போயி முதலையோட குடியிருந்துக்குவேன், நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். அப்படியெல்லாம் கண்ணில் படாது என்று நானும் தைரியமாக இருந்தேன். அத்தை பஞ்சாங்கம் தவிர வேறு எதையும் புரட்டி நான் பார்த்ததில்லை.

என் தைரியத்தைக் கெடுத்தது எங்கள் யூனிட்டில் தையல் நூல் பிசிறு வெட்டுகிற ஒரு அக்கா. திருநெல்வேலிப் பக்கம், குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். ஒருநாள் பஸ்ஸில் யாரோ விட்டுப்போன புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, டீ நேரத்தில் நாலு பக்கம் சத்தமாகப் படித்தார். என் இரண்டாவது புத்தகம். நான் டீத் தட்டோடு படியிலேயே நின்றுவிட்டேன்.

"யம்மா, இந்த மாமியாரு என்ன சோலி பாக்கா தெரியுமா, ரத்தம் பட்ட துண்டைத் துவைச்சுக் காயப் போட்டுட்டா" என்று அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு பார்வை அத்தையைப் பார்த்தார், உடனே குனிந்து பிசிறு வெட்டினார். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோருமே சட்டென்று வேலையில் மும்முரமாகிவிட்டார்கள். அத்தை மட்டும் நிதானமாகச் சொன்னார்: "அழுக்குத் துண்டைத் துவைக்காம பின்ன பூசையா போடுவாங்க? மேல படி."

அன்று பிடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புத்தகமும் வந்த வாரமே எங்கள் பேக்கிங் மேஜைக்கு வந்துவிடும். அக்கா படிக்க, அத்தை டீசர்ட் மடித்துக்கொண்டே கேட்பார். கேட்டுவிட்டு அந்த மாமியாரைத் திட்டுவார். அது ஒரு தனிக் கச்சேரி.

"இவ எந்த ஊட்டு மாமியாளோ, ஊட்டுக்கு வந்த போலீசுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கலியே" என்பார். அடுத்த புத்தகத்தில் மாமியார் இன்ஸ்பெக்டருக்கு மோர் கொடுப்பாள். "எந்நேரமும் உள்ளயே உக்காந்து கத்தறாளே, காலு வெளங்கலியா?" என்பார். அதற்கடுத்த புத்தகத்தில் மாமியார் சந்தைக்கே போய் ஒரு சாட்சியைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரு வாசகி குறை சொல்கிறாள், சரிசெய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

எழுதுகிற நேரம் மத்தியானம், இடம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல். டைப் அடிக்கப் பொறுமை இல்லாமல் போனில் வாயால் சொல்லித்தான் எழுதுவேன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் போனுக்குப் புரியாது, ரேடியோ செய்தி மாதிரிச் சுத்தமாகச் சொல்ல வேண்டும். "கத்தியில் ரத்தம் இல்லை. ஆனால் அவன் இறந்திருந்தான்" என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதைப் பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அம்மா ஒருமுறை பார்த்துவிட்டார். அந்தம்மா நேராக அத்தையிடம் போய்க் கேட்டிருக்கிறார். "அது என்னமோ தபால்ல படிக்குதுங்க. பரீச்சைக்கு வாய் விட்டுப் படிச்சாத்தான் மண்டையில ஏறுமாமா" என்று அத்தை சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தம்மாவே பிறகு என்னிடம் என்ன படிப்பு என்று விசாரித்தார். அத்தை இப்படி அப்பாவியாக இருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பதினோராவது புத்தகம் முடிந்ததும் பதிப்பாளர் போன் செய்தார். விற்பனை கொஞ்சம் மந்தம், பன்னிரண்டாவதில் வாசகர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்றார். யோசனையும் அவரே வைத்திருந்தார்.

"மாமியாரைக் கொலைகாரி ஆக்கிடுங்க மேடம். ஒருத்தரும் எதிர்பார்க்க மாட்டாங்க. நகைக்காகக் கொன்னுட்டான்னு வைங்க. ஜெயிலுக்கு அனுப்பிடலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் யோசிக்கவிடவில்லை. பதினோராவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்: "அடுத்து, கொலைகாரி மாமியார்."

அந்தப் பக்கத்தையும் அக்கா சத்தமாகப் படித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. எப்போதும் போல ஏதாவது வசவு வரும் என்று நான் காத்திருந்தேன். அத்தை மடித்த பீஸை அடுக்கில் வைத்தார், அடுத்ததை எடுத்தார்.

அன்றிலிருந்து கச்சேரி நின்றது. டீ நேரத்தில் அக்கா புத்தகத்தை எடுத்தால் "வேல கெடக்குது சாமி" என்று சொல்லிவிடுவார். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். சோறாக்கிவிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். அது இல்லாத வீட்டில் சோறே இறங்கவில்லை. விஷயம் தெரிந்துவிட்டது, இனி இந்த மனுஷி என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று நிஜமாகவே பயந்தேன். தாய்வீட்டில்கூட என் முகத்தைப் பார்த்துத் தலைவலி என்று கண்டுபிடிக்க ஆள் கிடையாது. அத்தை படி ஏறும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார். அவரை இழந்துவிட்டு நான் எந்தக் கதையை எழுதி என்ன ஆகப்போகிறது?

என் கணவரிடம் சொன்னேன். அவர் முதலைப் பண்ணைக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஒரு மத்தியானம் மாடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். படியில் மூச்சு வாங்குகிற சத்தம். முட்டி வலிக்காக மாடிப்பக்கமே வராத அத்தை, ஒரு கையில் டீ டம்ளரோடு ஏறி வந்தார். தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"எளுதலயா கண்ணு?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். "என்னதுங்க அத்தை?"

"அந்த மாமியாக் கெளவியத்தான்."

மறைத்துப் பயனில்லை. "எப்பிடிங்க அத்தை தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மூணாவது பொஸ்தகத்துலயே தெரிஞ்சுது. செத்தவன் பொட்டியில ஒரு டீசர்ட் கெடக்குதுன்னு எளுதியிருந்தயே. இடது கைய மொதல்ல மடிச்சு, கீள்மடிப்பக் கொண்டுபோயி உள்ள சொருகியிருந்துச்சுன்னு. திருப்பூருக்குள்ள அப்பிடி மடிக்கற ஊடு ஒண்ணே ஒண்ணுதானாக்கு. நம்மூடு."

எல்லா யூனிட்டிலும் வலது கையை முதலில் மடித்து, அப்புறம் இடது கை, அப்புறம் பாதியாக ஒரு மடிப்பு, அவ்வளவுதான். அத்தைக்கு அது ஆகாது. இடது கை முதலில், பிறகு வலது, கீழ் ஓரத்தை மேல் மடிப்புக்குள் சொருகிவிட வேண்டும். பீஸைத் தூக்கி வீசினாலும் பிரியாது. நேரம் பிடிக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் அவர் மாற்றவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படியே மடித்து மடித்து, ஊர் உலகமே இப்படித்தான் மடிக்கிறது என்று நினைத்து எழுதிவிட்டேன். துப்பறியும் கதை எழுதுகிறவள் தன் கைரேகையைத் தானே அச்சடித்துக் கடைக்குக் கடை தொங்கவிட்டிருக்கிறேன்.

"அப்பவே தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லலீங்களே அத்தை."

"சொல்லாம என்ன? தண்ணி குடுக்கலைன்னு சொன்னேன், மோரு குடுத்தா. காலு வெளங்கலியான்னு சொன்னேன், சந்தைக்குப் போனா. நாஞ் சொல்லச் சொல்ல நீ எளுதீட்டுத்தான இருந்த?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டம்மாவுக்குச் சொன்ன தபால் படிப்பு, மத்தியானத்தில் யார் வந்தாலும் "மாடியில வடகம் காயுது, போகாதீங்க" என்று நிறுத்தி வைத்தது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாங்கள் வடகம் போட்டு எத்தனையோ காலமாகிறது.

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொலகாரின்னு போட்டிருக்குதே. எதுக்காவக் கொல்றா?"

"நகைக்குன்னு சொல்றாங்க அத்தை."

"நகைக்கா?" கோபம் நிஜமாகவே வந்துவிட்டது. "கேவலம் ஒரு நகைக்கு நான் கொல்லுவனா கண்ணு?"

'நான்' என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

"அந்த மருமகப் புள்ள ஊரு வம்பையெல்லாம் இளுத்துட்டு வருது. எவனாவது ஒருத்தன் அதும்மேல கைய வெக்க வந்தான்னு வையி. அப்பக் கொல்லுவா. கேக்கவே வேண்டாம், அருவாமனையத் தூக்கீருவா."

நான் சிரிக்க முயன்றேன், அழுகைதான் வந்தது. அத்தை அதைப் பார்க்காத மாதிரி பக்கத்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"கொன்னாச் செயிலுக்குப் போயிருவாளாக்கு?"

"ஆமாங்க அத்தை."

"அப்பொறம் அடுத்த பொஸ்தகத்துல வரமாட்டா?"

இத்தனை நாள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது இதுதான். கொலைகாரி என்று பேர் வாங்குவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வீட்டில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்று சோற்றைக் கேட்க இனி ஆள் இருக்காதே என்பதுதான்.

டீயைக் குடித்துவிட்டு அன்றைக்கே போனில் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போனுக்காக நான் சுத்தத் தமிழில் பேசியதைக் கேட்டு ஒருமுறை சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். போன் அந்த இருமலையும் ஏதோ வார்த்தையாக எழுதிவைத்தது.

பன்னிரண்டாவது புத்தகம் வந்தபோது அக்கா பேக்கிங் மேஜையில் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். மருமகளை மிரட்டிக்கொண்டிருந்தவன் செத்துக் கிடக்கிறான். கதாநாயகி அவன் அறைக்குள் போகிறாள். கட்டிலில் ஒரு டீசர்ட், இடது கை முதலில் மடித்து, கீழ் ஓரம் உள்ளே சொருகி. யார் வந்துபோயிருக்கிறார்கள் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடுகிறது. வெளியே போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது. பதினோரு புத்தகத்தில் ஒரு குற்றவாளியையும் தப்பவிடாதவள், அந்தச் சட்டையை எடுத்து உதறுகிறாள். எல்லோரும் மடிக்கிற மாதிரி, வலது கையை முதலில் வைத்து மடித்து, இருந்த இடத்தில் வைக்கிறாள். வீட்டுக்குப் போகிறாள். உள்ளேயிருந்து குரல் வருகிறது: "சோறாக்கீட்டயா?" "ஆக்கியாச்சுங்க அத்தை" என்கிறாள். கதை முடிந்தது.

அக்கா புத்தகத்தை மூடினார். "தப்பே இல்ல, கேட்டியளா" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். யாரும் கத்தரியை எடுக்கவில்லை.

அத்தை கையிலிருந்த பீஸை மடித்துக் கீழ் ஓரத்தை உள்ளே சொருகினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வலது கைய மொதல்ல மடிச்சுப் போட்டாளாக்கு?" என்றார். "போகட்டும். இந்த ஒருக்கா மட்டும்."