ஸ்பீக்கருக்குள் ஒரு குஞ்சு

யாரையாவது சீண்டாமல் எனக்குச் சோறு இறங்காது. என் கூட்டாளி ரஃபி துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம், பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஏரிக்கரையில் இருவரும் கூடாரம் போட்டோம். காலையில் அவன் கேமராவும் கையுமாக, கோரைக்குள் இருந்த நீர்க்கோழிக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டில் இரண்டு குஞ்சுகள்.

அவனை ஏமாற்றத்தான், சின்ன ஸ்பீக்கரை அவன் முதுகுப் பக்கம் புல்லில் ஒளித்து, செல்போனிலிருந்து குஞ்சு கத்தும் சத்தத்தைப் போட்டேன். ரஃபி ஏமாறவில்லை. தாய்க்கோழி கூட்டை விட்டு ஓடிவந்து ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றித் தேடியது.

"பாத்தியா மாப்ள, பொண்ணு என்னையத் தேடி வருது!" என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"டேய், நிறுத்துடா! அங்க கூட்டப் பாரு!"

பார்த்தேன். கடைசிக் குஞ்சையும் கவ்விக்கொண்டு காகம் பறந்தது.

சத்தத்தை நிறுத்தினேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. ரஃபி கூடாரத்தைப் பிரித்தான். தாய்க்கோழி மட்டும் ஊமையாகிவிட்ட ஸ்பீக்கரைப் பார்த்தபடியே நின்றது.

இப்போதும் எல்லாரையும் கேலி செய்கிறேன். யாராவது சட்டென்று நம்பிவிட்டால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.