அவை சிரிக்க வேண்டிய இடம்

வார நாட்களில் நான் ஒக்கலிபுரத்தில் சமூக அறிவியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் வசனம் எழுதுபவள். கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு துணிக்கடையின் மாடியில் டப்பிங் ஸ்டுடியோ இருக்கிறது. வெளிநாட்டுத் தொடர்கள் அங்கே தமிழ் பேசும். திரையில் நடிகரின் உதடு மூடுகிற இடத்தில் ப, ம மாதிரி ஒரு எழுத்து வந்து விழ வேண்டும். அப்படிப்பட்ட சொற்களைத் தேடுவதுதான் என் வேலை.

சென்ற மழைக்காலத்தில் எங்களுக்கு ஒரு தொடர் வந்தது. பதவி இழந்த ஒரு கிழ அரசியல் தலைவர். அடுத்த நாடு போருக்குத் தயாராகிறது என்று வருடக்கணக்காக நாடாளுமன்றத்தில் சொல்கிறார். யாரும் கேட்பதில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே சிரிக்கிறார்கள். வகுப்பில் நான் இரண்டு பத்தியில் தாண்டிப் போகிற பாடம்தான்.

தலைவருக்குக் குரல் கொடுக்கச் சென்னையிலிருந்து வருவதாக இருந்தவரால் வர முடியவில்லை. அந்த இடத்துக்கு எங்கள் ஸ்டுடியோவில் வழக்கமாகக் குரல் கொடுக்கும் ஒருவர் வந்தார். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்; அங்கே சுரங்கக் குடியிருப்பு நாடகங்களில் நடித்தவர். இப்போது ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் வேலை. அதுவரை போலீஸ்காரர், டாக்டர், ஹீரோயினின் மாமா என்று சின்னக் குரல்களே அவருக்குக் கிடைத்தன. நான் அவரை அண்ணா என்பேன். அவருக்கு நான் டீச்சர்.

மூன்றாம் பகுதியில் தலைவர் அவையில் பேசும் நீளமான காட்சி இருந்தது. ஒலிப்பதிவு செய்த கன்னடப் பெண் நான்கு முறை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை. அண்ணா ஹெட்போனைக் கழற்றினார்.

"காதுல கேக்குற இங்கிலீஷ் சிரிப்பு என்னை ஒண்ணும் பண்ணல டீச்சர். நம்ம ஆளுங்க எதிர்ல நின்னு சிரிக்கட்டும். அப்ப பாக்கலாம்."

"வாய்ஸ் எல்லாம் ஒண்ணா கலந்துடும் அண்ணா," என்றாள் அவள்.

"ரிஹர்சலுக்கு மட்டும்மா."

கூட்டக் குரலுக்காக வந்திருந்த நான்கு பேர் வெளியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டோம். ஆள் போதாதென்று நானும் நின்றேன். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு நாடாளுமன்றம். சத்தம் வரும் என்று ஏசியை நிறுத்திவிட்டதால் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் வேர்த்தது.

அவர் ஆரம்பித்தார். "அவையோரே, உங்களைப் பயமுறுத்த நான் எழவில்லை."

நாங்கள் சிரித்தோம். "உட்காரும் ஐயா!" என்று ஒருவர் கத்தினார். "போர் வெறியர்!" என்று நான் கத்தினேன். நன்றாகத்தான் இருந்தது, விளையாட்டு மாதிரி. அவர் முகம் மாறியது. கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்துவார் என்று நினைத்தேன். இறக்கினார்.

"அவர்களுடைய ஆலைகளில் விளக்கு அணைவதே இல்லை. அங்கே தயாராவது ஏர்க்கலப்பை அல்ல."

இன்னொரு முறை சிரித்தோம். அதில் பாதி பலம்கூட இல்லை.

"நான் கிழவன். இந்தப் போர் என்னைத் தேடி வராது. அதில் சாகப்போகிறவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கே பேசுகிறேன்."

அந்த வரியை எழுதியது நான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், குக்கர் விசில் நடுவே, உதட்டசைவுக்காக நான்கைந்து தடவை மாற்றி எழுதியது. ஆனால் அதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். என் வகுப்பின் முதல் பெஞ்ச் கண் முன்னால் வந்தது. திரையில் அவை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. பக்கத்திலிருந்தவர் தன் பிஸ்கட்டைக் கையிலேயே நொறுக்கிவிட்டிருந்தார்.

அண்ணா மட்டும் கடைசி வரை பேசி முடித்தார்.

ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "யாக்கே, ஏன் எல்லாரும் நிறுத்திட்டீங்க? நீங்க சிரிக்கணும் அக்கா!" பிறகு பதிவைத் திரும்ப ஓட்டிக் கேட்டாள். "பரவால்ல. நான் ரெக்கார்ட் பண்ணிட்டேன். நீங்க சும்மா இருந்ததால அண்ணா வாய்ஸ் சுத்தமா வந்திருக்கு. முன்னாடி ரெண்டு லைன் மட்டும் திரும்ப எடுத்தா போதும்."

சிரிப்பைத் தனியாகப் பதிவு செய்தோம். அதுவும் லேசில் நடக்கவில்லை. ஹெட்போனில் அண்ணாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தவரை எங்கள் சிரிப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவள் அவர் குரலை அடியோடு நிறுத்திவிட்டு வெறும் படத்தை ஓட்டினாள். கையை ஆட்டி வாயைத் திறந்து மூடும் ஒரு கிழவர். அப்போது சிரிக்க முடிந்தது. முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. வெளியே வந்தபோது அண்ணா படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் பார்த்து, "நல்லா சிரிச்சீங்களா?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தொடர் ஒளிபரப்பானது. வீட்டில் என் கணவரும் மகளும் பார்த்தார்கள். அந்தக் காட்சி வந்ததும் மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். காட்சி முடிந்தும் எடுக்கவில்லை. "யாரும்மா பேசறது? இவரு உண்மையா தமிழ்க்காரரா?" என்று கேட்டாள். ஹீரோயினின் மாமா என்றேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் பள்ளி இடைவேளையில் அண்ணாவுக்குப் போன் செய்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். தன் குரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"முழுசும் நானே பேசினது. போர் வரும்னு தெரியும். ஆனா டீச்சர், நேத்து சோபா நுனியில உக்காந்து, இந்தத் தடவையாவது இவனுங்க கேப்பானுங்களான்னு பாத்துட்டே இருந்தேன்."